அரை நிமிடப் படத்துக்கு என்ன விலை?

போனை ஆன் செய்ததும் ஓடும் நிறுவனச் சின்னத்தைத் தூக்கிவிட்டு, நமக்குப் பிடித்த அசைபடத்தை அங்கே வைக்கலாமா? ரூட் செய்த, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தையும் பயனர் எடுத்துக்கொண்ட ஆண்ட்ராய்டு போனில் வைக்கலாம். ஆஃப் செய்யும்போது ஓடுவதையும் சில போன்களில் மாற்றலாம். எப்படி மாற்றுவது என்று காட்டும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. மாற்றத் தகுமா என்ற கேள்விதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அற்ப விஷயம் என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. இந்த அரை நிமிடப் படத்துக்காகப் போனின் பூட்டைத் திறந்துபோட வேண்டியிருக்கிறது. அந்தப் பூட்டை நம்பித்தான் நம் வங்கிக் கணக்கும் அதே போனில் இருக்கிறது.

மூன்று கேள்விகளாகப் பிரித்து எடைபோடலாம். அந்தப் படம் தன்னளவில் மெனக்கெடத் தகுந்த வேலைதானா? அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? அந்த விலையை நம்மிடம் கேட்பது நியாயமா?

கையில் இருந்து போன உரிமை

இந்த ஆசை ஆண்ட்ராய்டோடு பிறந்ததல்ல. விண்டோஸ் 95 காலத்தில் 320-க்கு 400 புள்ளி அளவில், 256 நிறங்களில் ஒரு பிட்மேப் படம் வரைந்து, லோகோ.சிஸ் என்று பெயர் மாற்றி சி டிரைவில் போட்டால் போதும். கணினி தொடங்கும்போது மேகங்களுக்குப் பதில் அந்தப் படம் வரும். அணைக்கும்போது தோன்றும் இரண்டு திரைகளும் விண்டோஸ் ஃபோல்டரில் அதேபோன்ற இரண்டு கோப்புகளாகவே இருந்தன. பெயிண்டில் கோடு இழுக்கத் தெரிந்த பள்ளி மாணவன் மாற்றிவிடக்கூடிய காரியம் அது.

போன்களும் அப்படித்தான் இருந்தன. நோக்கியா 3310-இன் அமைப்புகளுக்குள் வரவேற்பு வரி என்று ஒன்று உண்டு. ஆன் செய்ததும் அதில் எழுதிவைத்த பெயர் திரையில் தெரியும். பின்னர் வந்த சிம்பியன் நோக்கியாக்களில் எழுத்துக்குப் பதில் படமே வைக்கலாம். சோனி எரிக்சன் போன்களில் தொடக்கக் காட்சியை மெனுவிலேயே தேர்ந்தெடுக்க முடிந்தது. யாரும் எதையும் உடைக்கவில்லை, யாருடைய வாரண்டியும் போகவில்லை.

ஸ்மார்ட்போனில் திரை பெரிதானது, உரிமை சுருங்கியது. ஆண்ட்ராய்டின் ஆரம்பப் பதிப்புகள் பூட் அனிமேஷன் எனப்படும் இந்தத் தொடக்க அசைபடத்தைத் தேடும் இடங்களில் டேட்டா பகுதிக்குள் இருக்கும் லோக்கல் ஃபோல்டரும் ஒன்று. பிறகு அந்த இடம் மூலநிரலில் இருந்து நீக்கப்பட்டு, தயாரிப்பு நிறுவனத்துக்கு உரிய பகுதிகள் பட்டியலில் சேர்ந்தன. விளைவு என்ன? அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தாங்கள் விற்கும் போன்களில் தங்கள் சின்னத்தை ஓடவிட முடிகிறது, காசு கொடுத்து வாங்கியவரால் முடிவதில்லை. இந்த முரணை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சிறிய வடிவம், கடினமான வடிவம்

பூட் அனிமேஷன் என்பது ஒரு ஜிப் கோப்பு. உள்ளே பிஎன்ஜி படங்கள் வரிசையாக அடுக்கிய சில ஃபோல்டர்கள், டெஸ்க்.டிஎக்ஸ்டி என்ற சிறு உரைக் கோப்பு. உரையின் முதல் வரி அகலம், உயரம், நொடிக்கு எத்தனை படம் என்று சொல்கிறது. அடுத்த ஒவ்வொரு வரியும் ஒரு பகுதிக்கு உரியது: எந்த ஃபோல்டர், எத்தனை முறை ஓட வேண்டும், முடிந்ததும் எத்தனை படம் அளவுக்கு நிற்க வேண்டும். வரியின் தொடக்கத்தில் 'பி' என்ற எழுத்து இருந்தால் போன் தயாரானதும் அந்தப் பகுதி பாதியில் நின்றுவிடும். 'சி' என்றிருந்தால் முழுதாக ஓடிய பிறகே நிற்கும். எண்ணிக்கை இடத்தில் சுழியம் போட்டால் போன் தயாராகும்வரை திரும்பத் திரும்ப ஓடும். மொத்த இலக்கணமும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இலக்கணம் சிறிது என்பதால் வேலை எளிதாகிவிடாது. குறும்படம் எடுப்பவருக்குத் தன் படம் எத்தனை நொடி என்று தெரியும். பூட் அனிமேஷன் செய்பவருக்குத் தெரியாது. போன் இருபது நொடியில் எழலாம், ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பல நிமிடமும் எடுக்கலாம். முகூர்த்த நேரம் வரும்வரை ராகத்தை நீட்டிக்கொண்டே இருந்து, சைகை கிடைத்த கணத்தில் கெட்டிமேளத்துக்குத் தாவும் நாகஸ்வரக்காரரின் நிலைமை இது. ஆகவே நல்ல பூட் அனிமேஷன் மூன்று அங்கமாக அமைகிறது: ஒருமுறை மட்டும் ஓடும் நுழைவு, தையல் தெரியாத சுழற்சி, சுருக்கமான முடிப்பு. கூகுளின் பிக்சல் போனில் நான்கு நிறப் புள்ளிகள் சுழன்று கூடி ஜி என்ற எழுத்தாவதைப் பாருங்கள். எந்த நொடியில் முகப்புத் திரை குறுக்கிட்டாலும் அது அறுபட்டதாகத் தெரியாது. லினியேஜ்ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டின் சின்னம் இன்னும் எளிமை, ஒரு வளைகோடும் சில வட்டங்களும்தான். அதனால்தான் நூறாவது முறையும் சலிப்பதில்லை.

இந்த வடிவத்துக்குள் நாகரிகமும் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியோடும் ஓர் ஒலிக்கோப்பை இணைக்கலாம். ஆனால் போன் ஏதாவது கோளாறினால் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் அந்த ஒலியை எழுப்ப வேண்டாம் என்று ஆண்ட்ராய்டு நிரலிலேயே விதி இருக்கிறது. நள்ளிரவில் இயங்குதளத்தின் மையமான கர்னல் செயலிழந்து எழும் போன் தம்பட்டம் அடிக்காது. வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

முதல் கேள்விக்கு என் விடை இது: இது மெனக்கெடத் தகுந்த வேலைதான். ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொண்டு, ஒரு மாதம் மெருகேற்றலாம்.

புழக்கத்தில் இருப்பவை எப்படி?

வடிவத்துக்குக் கொடுத்த பாராட்டை, இணையத்தில் அள்ளி இறைக்கப்படும் படைப்புகளுக்குக் கொடுக்க முடியவில்லை. அவற்றில் பெரும்பகுதி ஏதோ ஒரு ஜிஃப் படத்தை வெட்டி பிஎன்ஜியாக மாற்றியவை. ஜிஃப்பில் ஒரு படத்துக்கு 256 நிறங்களே உண்டு என்பதால், மெல்ல மங்க வேண்டிய ஒளி பட்டைபட்டையாகத் தெரிகிறது. மண்டை ஓடு, நெருப்பு, பச்சை எழுத்து மழை, ஹாலிவுட் நாயகனின் சின்னம் என்று கருப்பொருளும் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும். ஒரு நிறுவனத்தின் சின்னத்தை அகற்ற இவ்வளவு பாடுபட்டவர் அந்த இடத்தில் இன்னொரு நிறுவனத்தின் சின்னத்தை வைப்பதில் என்ன விடுதலை இருக்கிறது?

தொழில்நுட்பக் குறைகள் இதைவிடப் பெரியவை. சுழற்சியில் ஓடும் பகுதியின் படங்கள் ஒவ்வொன்றும் விரிக்கப்பட்ட நிலையில் நினைவகத்தில் தங்குகின்றன. 1080-க்கு 2400 புள்ளி, புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட். முழுத்திரை அளவில் அறுபது படங்களைச் சுழலவிட்டால் 600 மெகாபைட்டைத் தாண்டும். போன் தன் சேவைகள் அனைத்தையும் எழுப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தச் சுமை. விவரம் தெரிந்தவர்கள் அசையும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அது திரையில் எங்கே வர வேண்டும் என்பதை டிரிம்.டிஎக்ஸ்டி என்ற தனிக் கோப்பில் எழுதிவிடுவார்கள். கையில் கிடைக்கும் இலவச ஜிப்களில் அந்தக் கோப்பைக் காண்பது அரிது.

இன்னொரு குறை நேரடியாக நம் நேரத்தைத் தின்கிறது. பூட் அனிமேஷன் ஓடி முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே ஆண்ட்ராய்டு முகப்புத் திரையைக் காட்டுகிறது. முடிப்புப் பகுதியை 'சி' என்று குறித்துப் பத்து நொடிக்கு நீட்டிவைத்தால், போன் தயாரான பிறகும் பயனர் காத்திருக்க வேண்டியதுதான். வேகத்துக்காக ரூட் செய்தேன் என்பவரின் போன், அவர் வைத்த படத்தாலேயே தாமதமாகும் வேடிக்கை இப்படித்தான் நடக்கிறது.

சாம்சங் போன்களில் ஜிப்பே செல்லாது. அந்த நிறுவனம் நெடுங்காலமாகக் கியூஎம்ஜி என்ற தனி வடிவத்தைப் பயன்படுத்துகிறது. பொதுவான ஜிப்பை அங்கே ஓட்ட வேண்டுமானால் அனிமேஷனை ஓட்டும் நிரலையே மாற்ற வேண்டும். அது வேறு வகை ஆபத்து.

அணைக்கும்போது ஓடும் படத்தின் கதை இன்னும் பலவீனமானது. கோப்பை உரிய இடத்தில் வைத்தாலும், அணைப்புப் படம் உண்டு என்று போனின் அமைப்பில் குறிக்கப்பட்டிருக்காவிட்டால் அது ஓடாது. கூகுளின் மூல ஆண்ட்ராய்டில் அந்தக் குறிப்பு இயல்பாக 'இல்லை' என்றே இருக்கிறது. ஓடினாலும் அணைப்பு வேலைக்கு இயல்பாக ஒதுக்கிய நேரம் 6 நொடிதான். அந்த ஆறு நொடியில் பயனர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டிருப்பார். பார்வையாளரே இல்லாத காட்சி இது. தொடக்கப் படத்துக்காக வாதாட இடமுண்டு, அணைப்புப் படத்துக்காக வாதாட எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ரசீதைப் படிப்போம்

இனி விலை. முதல் செலவு, ரூட் செய்வதற்காகப் பூட்லோடரை, அதாவது போனைத் தொடக்கிவைக்கும் நிரலின் பூட்டைத் திறந்த கணத்தில் போனில் உள்ள அனைத்தும் அழிவது. இது பழிவாங்கல் ஆகாது. திருடன் பூட்லோடரைத் திறந்து உங்கள் படங்களையும் செய்திகளையும் எடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. காப்பு எடுத்துவைத்தவருக்கு இது ஒருநாள் தொல்லையோடு முடியும்.

இரண்டாவது செலவில் நகைமுரண் இருக்கிறது. ஆன் செய்ததும் முதலில் தோன்றும் அசையாத சின்னம் பூட் அனிமேஷனைச் சேர்ந்ததல்ல, பூட்லோடர் காட்டுவது. அது அங்கேயே இருக்கும். அதை மாற்றப் போய்ப் பகுதியைத் தவறாக எழுதினால் போன் எழாமலே போகலாம். பூட்லோடர் திறந்திருக்கும் போன், இந்தச் சாதனத்தை நம்ப முடியாது என்ற பொருளில் ஓர் எச்சரிக்கைத் திரையையும் ஒவ்வொரு முறையும் சில நொடி காட்டுகிறது. ஆக, தொடக்கத்தை அழகாக்கக் கிளம்பியவருக்குக் கிடைக்கும் வரிசை இது: நிறுவனச் சின்னம், எச்சரிக்கை, அதற்குப் பிறகு அவருடைய படம். அழகியல் என்ற ஒற்றை அளவுகோலால் அளந்தாலும் இந்தக் கணக்கு உதைக்கிறது.

மூன்றாவதுதான் கனமான செலவு. கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற ஏற்பாடு, போனின் பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, உள்ளே இருப்பது அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள்தானா என்பதைச் செயலிகளுக்குச் சொல்லிவிடுகிறது. புதிய போன்களில் இந்தச் சான்று சில்லுக்குள் இருக்கும் சாவியால் கையெழுத்திடப்படுவதால் ஏமாற்றுவது நாளுக்கு நாள் கடினமாகிறது. வங்கிச் செயலிகளில் பல ரூட் செய்த போனில் திறக்க மறுக்கின்றன. ரூட்டை மறைக்கும் மாட்யூல்கள் என்ற துணைநிரல்கள் இருக்கின்றன, ஆனால் இன்று வேலை செய்வது அடுத்த வாரம் செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை. டீக்கடையில் பத்து ரூபாயையும் யுபிஐயில் கொடுக்கும் ஊரில் இது சின்ன இழப்பாகாது.

சாம்சங் போனில் நான்காவது செலவு சேர்கிறது. அங்கீகாரமில்லாத மென்பொருள் ஏறியதும் உள்ளே ஒரு மின்னணு உருகி எரிந்துவிடும். பிறகு பழைய மென்பொருளையே ஏற்றினாலும் செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேயும் திரும்புவதில்லை. விட்டுப் போனது போனதுதான்.

இத்தனைக்கும் தயாராக இருந்தாலும் கதவு திறக்க வேண்டுமே. ஹுவாவே நிறுவனம் 2018-இலேயே பூட்லோடர் திறப்புக் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஷியோமி விண்ணப்பித்தவர்களை 168 மணிநேரம் காக்கவைத்தது, பிறகு விதிகளை மேலும் இறுக்கியது.

இந்தச் செலவுகளுக்கு எதிரே கிடைப்பது என்ன? வாரம் ஒருமுறை போனை ரீஸ்டார்ட் செய்பவர், முறைக்கு அரை நிமிடம் வீதம் ஆண்டுக்கு 26 நிமிடம் அந்தப் படத்தைப் பார்ப்பார். பலர் மாதம் ஒருமுறை, அப்டேட்டுக்காக மட்டுமே ரீஸ்டார்ட் செய்கிறார்கள். அவர்களுக்கு ஆறு நிமிடம். எந்த ரூட்டும் இல்லாமல் மாற்றக்கூடிய வால்பேப்பரை இருவரும் ஒரே நாளில் பலமுறை பார்க்கிறார்கள்.

ஏற்கெனவே ரூட் செய்தவர்களுக்கு

வேறு தக்க காரணத்துக்காக ரூட் செய்துவிட்டவரின் கணக்கு வேறு. விலையை அவர் முன்பே கட்டிவிட்டார். பூட் அனிமேஷனுக்காகக் கூடுதலாக அவர் தருவது மிகக் குறைவு.

காரணம் மேஜிஸ்க். ஜான் வூ 2016-இல் வெளியிட்ட இந்தக் கருவி, சிஸ்டம் பகுதியைத் தொடாமல் அதன்மேல் நம் கோப்பை விரித்துக் காட்டுகிறது. அசல் கோப்பு அடியில் அப்படியே இருக்கும். மாட்யூலை நீக்கினால் பழைய படம் திரும்பிவிடும். முன்பு ரூட் எக்ஸ்ப்ளோரர் என்ற கோப்புச் செயலியில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, கோப்பை மேலெழுதி, அனுமதிகளைச் சரிசெய்வார்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் பெரும்பாலான போன்களில் அந்தப் பகுதி எழுதவே முடியாதபடி அமைக்கப்படுகிறது என்பதால் பழைய முறை வழக்கொழிந்துவிட்டது. பழைய காணொளியைப் பார்த்து இன்றும் அதை முயல்பவர்கள் நேரத்தைத்தான் வீணாக்குகிறார்கள்.

படக்கோப்பில் பிழை நேர்ந்தால் போன் செத்துவிடுமோ என்ற பயம் மிகையானது. ஜிப்பைப் படிக்க முடியாவிட்டால் ஆண்ட்ராய்டு தன் பழைய மின்னும் பெயரெழுத்தைக் காட்டிவிட்டு எழுந்துவிடும், அல்லது திரை சற்றுநேரம் கறுப்பாக இருக்கும். அப்படி நடந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஜிப் சுருக்கப்பட்டிருக்கிறதா என்பதை. இதில் சுருக்கம் கூடாது, கோப்புகளை வெறுமனே கட்டிவைத்தால் போதும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பூட் அனிமேஷன் மாட்யூல் என்ற பெயரில் யாரோ தரும் ஜிப்புக்குள் ஸ்கிரிப்ட் கோப்புகளும் இருக்கலாம். அவை போன் எழும்போது ரூட் அதிகாரத்தோடு ஓடும். ஒரு படத்துக்கு ஸ்கிரிப்ட் எதற்கு? மாட்யூலின் பெயர் விவரம், நிறுவும் ஃபோல்டர், படக்கோப்பு ஆகியவற்றைத் தாண்டி எது இருந்தாலும் திறந்து படித்துப் பார்க்காமல் ஏற்றக் கூடாது. படிக்கத் தெரியாவிட்டால் ஏற்றவே கூடாது.

கேட்பது நியாயமா?

மூன்றாம் கேள்வி நிறுவனங்களை நோக்கியது. அவர்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. பூட் அனிமேஷன் ஓடும் நேரத்தில் பயனர் இன்னும் பூட்டைத் திறந்திருக்க மாட்டார். அந்தத் திரையை எந்தச் செயலி வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விட்டால், உங்கள் போன் முடக்கப்பட்டது, இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்ற போலித் திரையை ஒரு மோசடிச் செயலி அங்கே வைத்துவிடலாம். நுட்பமாகச் சிதைக்கப்பட்ட படக்கோப்பைக் கொண்டு, அதை விரிக்கும் நிரலைத் தாக்கவும் முயலலாம். இவை கற்பனைப் பூச்சாண்டிகள் அல்ல.

ஆனால் இந்த வாதம் தடுக்கச் சொல்வது செயலிகள் அந்தக் கோப்பில் கைவைப்பதை. உரிமையாளர் அமைப்புகளுக்குள் போய், கைரேகை வைத்து, தானே ஒரு படத்தைத் தேர்வதை அது தடுக்கச் சொல்லவில்லை. தேர்ந்த படத்தைச் சிஸ்டமே புதிதாக எழுதிச் சேமித்தால் சிதைந்த கோப்பு பற்றிய பயமும் குறையும். பூட்டுத்திரைப் படத்துக்கு இந்த உரிமையை எல்லா நிறுவனமும் தருகிறதே. இதைவிட வலுவான சான்று கூகுளின் நிரலிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12-க்குப் பின் வந்த பதிப்புகளில், வால்பேப்பரிலிருந்து எடுத்த நிறங்களைப் பூட் அனிமேஷனுக்குள் செலுத்தும் வசதி சேர்ந்திருக்கிறது. பயனரின் விருப்பம் அந்தத் திரையைப் பாதுகாப்பாகச் சென்றடைய வழி இருக்கிறது என்பதை அவர்களே செய்து காட்டிவிட்டார்கள். சயனோஜென்மாட் என்ற பழைய மாற்று ஆண்ட்ராய்டு தன் தீம் வசதியில் வால்பேப்பர், எழுத்துரு ஆகியவற்றோடு பூட் அனிமேஷனையும் ஒரு தேர்வாக வைத்திருந்தது. ஆகவே முடியாது என்பது பொய், மனமில்லை என்பதே சரி. அந்த அரை நிமிடம் நிறுவனத்தின் விளம்பரப் பலகை. அதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு விருப்பமில்லை.

தீர்ப்பு

பூட் அனிமேஷனுக்காக மட்டும் ஒரு போனை ரூட் செய்வது தகாது. விலைக்கும் பொருளுக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. அன்றாடம் பணப் பரிமாற்றம் செய்யும் ஒரே போன் என்றால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். வேறு காரணத்துக்காக ரூட் செய்தவர்கள், அல்லது பழைய போன் ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்திருப்பவர்கள், தயங்காமல் செய்யலாம். அவர்களும் மேஜிஸ்க் வழியாகவே செய்யட்டும், பிறர் கொடுத்ததை ஏற்றுவதைவிடத் தாமே ஒன்றை வரையட்டும். முழுத்திரையை நிரப்பாத சின்ன உருவம், இருபது முப்பது படங்களுக்குள் ஒரு சுழற்சி, ஒரு நொடிக்குள் முடிப்பு என்ற அளவில் நின்றால் போதும். அணைப்புப் படத்தில் நேரம் செலவிட வேண்டாம்.

இந்த ஆசை பயனருக்கு வருவதில் தவறில்லை. அதற்குப் பூட்லோடரைத் திறப்பது ஒன்றே வழி என்ற நிலையை வைத்திருப்பவர்கள்மேல்தான் தவறு. 3310-இல் ஒரு மெனு வரியாக இருந்த வசதியை, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள போனிலும் ஒரு மெனு வரியாகவே தரலாம். தரும்வரை, உங்கள் வங்கிச் செயலி உங்கள் பூட் அனிமேஷனைவிட முக்கியம்.